முதல் கச்சேரி எங்கிருந்து வரும்?

இசைக் கல்லூரியில் இரண்டாம் ஆண்டுக்கு வந்ததும் பிள்ளைகளுக்கு ஒரு தவிப்பு தொடங்கிவிடும். இந்த மார்கழியில் எப்படியாவது ஒரு சபாவில் பாடிவிட வேண்டும். ஆசை நியாயமானதுதான். ஆனால் கைச்செலவுக்குப் பணமோ மேடைப் பழக்கமோ முதலில் அங்கிருந்து வருவதில்லை. இளைஞர்களுக்குச் சபாக்களில் கிடைப்பது பெரும்பாலும் மத்தியான நேரம். வரும் சன்மானம் பக்கவாத்தியக்காரர்களுக்கும் ஆட்டோவுக்குமே சரியாகிவிடும். மேடை தருகிறோம், நன்கொடை கொடுங்கள் என்று கேட்பவர்களும் உண்டு. அப்படிக் கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள். பாடியவர் வாங்க வேண்டும், கொடுக்கக் கூடாது.

மாணவருக்கு வேலை இருக்கும் இடம் நாட்டிய வகுப்பு. ஓர் அரங்கேற்றம் என்றால் நட்டுவாங்கம் செய்பவர் தவிர பாட்டு, மிருதங்கம், வயலின் அல்லது புல்லாங்குழல் என்று குறைந்தது மூன்று பேர் வேண்டும். அலாரிப்பு முதல் தில்லானா வரை இரண்டு மணி நேரம் போகும். வர்ணம் மட்டுமே அரை மணி நேரம் பிடிக்கும். இதற்கு ரிகர்சல் ஒன்றிரண்டு போதாது. பேர்பெற்ற கலைஞர்களால் எல்லா ரிகர்சலுக்கும் வர முடியாது. அந்த இடத்தில் உட்காரத்தான் ஆள் தேடுகிறார்கள். ரிகர்சலில் ஒழுங்காக உட்கார்ந்தவரை அடுத்த அரங்கேற்றத்தில் மேடைக்கே கூப்பிடுவார்கள்.

ஆனால் கச்சேரிக்குப் பாடுவது வேறு, ஆட்டத்துக்குப் பாடுவது வேறு. பதத்தில் ஒரே வரியை, ஆடுபவர் அபிநயத்தை முடிக்கும்வரை, சலிக்காமல் வேறு வேறு சங்கதிகளோடு திரும்பத் திரும்பப் பாட வேண்டும். கண்ணை மூடிக்கொண்டு பாடும் பழக்கம் இங்கே உதவாது. பணம் பேசும்போது ரிகர்சலுக்குத் தனி, மேடைக்குத் தனி என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். பிறகு கேட்டால் மனஸ்தாபம்தான் மிஞ்சும்.

வயலின், மிருதங்கம் படிப்பவர்களுக்குப் பாட்டுக்காரர்களைவிட வழி சுலபம். லால்குடி ஜெயராமனே 12 வயதில் பக்கவாத்தியமாக உட்கார்ந்துதான் தொடங்கினார். பெண் குரல் ஐந்து கட்டையில் இருக்கும், ஆண் குரல் ஒன்றிலோ ஒன்றரையிலோ இருக்கும். ஒரே மிருதங்கம் இவ்வளவு தூரம் ஏறி இறங்காது. ஹெச்சு, தக்கு என இரண்டு வாத்தியம் கைவசம் உள்ள மாணவருக்கு அழைப்பு இரட்டிப்பாக வரும். முதல் வருமானத்தை எதில் போடலாம் என்று கேட்டால், இரண்டாவது மிருதங்கத்தில் போடுங்கள் என்பேன்.

பெரியவர் ஒருவருக்கு ஒரே நாளில் இரண்டு கச்சேரி வந்துவிட்டால், ஒன்றுக்கு சிஷ்யனை அனுப்புவார். இந்தத் தொழிலில் பலருடைய தொடக்கம் இதுதான். அப்படிப் போகிற இடத்தில் உங்கள் நம்பரை நீட்டாதீர்கள். அது அவருடைய கச்சேரி. குருவிடம் சொல்லாமல் எதையும் ஒப்புக்கொள்ளவும் வேண்டாம்.

இனி காலக்கணக்கு. ஆடியில் கல்யாணம் இல்லை. அம்மன் கோயில்களில் விசேஷம் இருக்கும். நவராத்திரி ஒன்பது நாளும் கோயில், கொலு வைத்த வீடு, குடியிருப்புச் சங்கம் என்று சின்னச் சின்னக் கச்சேரிகள். வாய்ப்பாட்டு மாணவர்களுக்கு வருஷத்திலேயே நல்ல காலம் அது. மார்கழியில் கல்யாணம் நின்று, தை பிறந்ததும் ரிசப்ஷன் கச்சேரிகள் தொடங்கும். பங்குனி, சித்திரையில் ராமநவமி உற்சவம். கோயில்காரர்கள் நிகழ்ச்சி நிரலை முன்கூட்டியே முடிவு செய்துவிடுவார்கள். நவராத்திரிக்கு ஆடியிலேயே போய்க் கேட்க வேண்டும். ஊஞ்சல், நலங்கு, வளைகாப்புப் பாட்டுகள் தெரிந்த பெண்களுக்குக் கல்யாண வீடுகளில் தனி மதிப்பு உண்டு. அந்தப் பாட்டுகள் பாடத்திட்டத்தில் இருக்காது. பாட்டியிடம்தான் கற்க வேண்டும்.

வானொலி ஆடிஷனைத் தள்ளிப்போடாதீர்கள். பி, பி ஹை, ஏ, டாப் என்று தரம் பிரித்து, தரத்துக்கு ஏற்பப் பணம் தருகிறார்கள். தொகையைவிட முக்கியம், உங்களைத் தெரியாத ஊரில் அந்த ஓர் எழுத்து உங்களுக்காகப் பேசும்.

கேட்டவுடன் அனுப்ப மூன்று நிமிட வீடியோ ஒன்று தயாராக இருக்கட்டும். தம்புரா சுருதியோடு, எதிரொலி சேர்க்காமல், செல்போனில் எடுத்தாலே போதும். கீழே பெயர், குரு, வாத்தியம், எத்தனை கட்டை என்று நான்கு வரி எழுதுங்கள். ஒப்புக்கொள்ளும் முன் தொகை, முன்பணம், போக்குவரத்துச் செலவு மூன்றையும் வாட்ஸாப்பில் எழுத்தாக வாங்கிக்கொள்ளுங்கள். சொன்ன நேரத்துக்கு அரை மணி முன்னால் மண்டபத்தில் இருங்கள்.

இந்த வாரமே வீட்டுக்குப் பக்கத்தில் உள்ள நாட்டிய வகுப்புக்குப் போய், அடுத்த அரங்கேற்றம் எப்போது, ரிகர்சலில் வந்து உட்காரலாமா என்று கேளுங்கள்.