ரவுட்டரில் ஒரு மடை

எங்கள் பசுமலை வீட்டு ரவுட்டரைப் பார்த்தால், அப்பா கண்மாய் மடையில் நிற்பதுதான் ஞாபகம் வரும். பலகையை நகர்த்தினால் தண்ணீர் அடுத்த வாய்க்காலுக்குத் திரும்பிவிடும். ரவுட்டரில் இணையப் போக்குவரத்தைத் திருப்பும் ஃபயர்வால் விதியும் அப்படித்தான்.

மதுரை ஜங்ஷனில் ரயில்வயர் வைஃபையில் இணைந்ததும் முதலில் கைபேசி எண் கேட்கும் பக்கம் வருகிறதல்லவா? இத்தகைய இணைப்புகளில், 80ஆம் போர்ட்டுக்குப் போகும் கோரிக்கையை மறித்துத் தங்கள் பக்கத்துக்குத் திருப்புவார்கள். ஓடிபி சரியானதும் வழிவிடுவார்கள். 443ஆம் போர்ட்டில் மறையாக்கத்தோடு போவதைத் திருப்பினால், சான்றிதழ் பொருந்தாமல் பிரவுசர் எச்சரிக்கும். அந்த எச்சரிக்கையை மீறாதீர்கள்.

வீட்டில் நான் எழுதியது ஒரே விதி: 53ஆம் போர்ட்டில் போகும் முகவரி விசாரிப்பெல்லாம் நான் தேர்ந்த வடிகட்டும் சர்வருக்கே போக வேண்டும். மகள் நிம்மதியாகப் பாடம் பார்க்கிறாள். சூதாட்டத் தளங்கள் அவள் திரையில் திறப்பதில்லை.