கனத்த பவர் கேபிளும் ஆம்பின் முதுகும்

ஆம்ப்ளிஃபயரோடு பெட்டியில் வரும் கறுப்பு பவர் கார்டு இருநூறு கிராம் அளவில்தான் எடை இருக்கும். அதை ஓரமாகப் போட்டுவிட்டு, கட்டைவிரல் பருமனில், மேலே பின்னல் உறை போட்டு, இரண்டு முனையிலும் கனமான பிளக் வைத்த கேபிளை மாட்டுகிற பழக்கம் ஆடியோ பிரியர்களிடம் உண்டு. இரண்டு மீட்டர் கேபிள் ஒரு கிலோவைத் தாண்டிவிடுவது சாதாரணம். இதனால் பாட்டு நன்றாகக் கேட்கிறதா என்ற சண்டை இப்போதைக்கு ஓயாது. ஆனால் அந்த ஒரு கிலோவை ஆம்பின் பின்பக்கத்தில் எது தாங்குகிறது என்பதில் சண்டைக்கே இடமில்லை. பெரும்பாலும், தாங்கக் கூடாத ஒன்றுதான் தாங்குகிறது.

பின்பக்கம் மூன்று பின்களோடு தெரியும் குழிக்கு ஐ.இ.சி. 60320 தரத்தில் சி14 என்று பெயர். அதில் செருகும் முனை சி13. சென்னை ரிச்சி தெருவில் கம்ப்யூட்டர் பவர் கார்டு என்று கேட்டால் எடுத்துத் தருவது இந்த முனையைத்தான். 10 ஆம்பியர் மின்சாரத்தைக் கொண்டுபோவது இதன் வேலை. பூட்டு கிடையாது, கொக்கி கிடையாது. முனைக்குள் இருக்கும் ஸ்பிரிங் தகடுகள் பின்களைக் கவ்விக்கொள்வது மட்டுமே பிடிப்பு. இலேசான கார்டுக்கு அது போதும்.

கனத்த கேபிளுக்குப் போதாது என்பதற்குச் சின்னக் கணக்கு ஒன்று. ஷெல்ஃபிலிருந்து தொங்கும் கேபிளும் பிளக்குமாக அரை கிலோ என்று வையுங்கள். அந்த எடை பின்பலகையிலிருந்து 7 செ.மீ. தள்ளிக் கீழே இழுக்கிறது. பிளக் குழிக்குள் போயிருப்பதோ ஏறக்குறைய ஒன்றரை செ.மீ. அரை கிலோவை ஏழால் பெருக்கி ஒன்றரையால் வகுத்தால், குழியின் விளிம்பிலும் உள்முனையிலும் இரண்டு கிலோவுக்கு மேல் நெம்பு விசை விழுகிறது. இது சும்மா தொங்கும் கேபிளுக்கு. விறைப்பான கேபிளை வளைத்து மாட்டினால், அது நிமிரப் பார்த்து இராப்பகலாகக் குழியைத் திருகிக்கொண்டே இருக்கும். எடையைவிட இந்தத் திருகல் மோசம்.

சேதம் எங்கே என்பது குழி பொருத்தப்பட்ட விதத்தைப் பொறுத்தது. இரண்டு ஸ்க்ரூ போட்டு உலோகப் பலகையில் இறுக்கி, பின்னால் ஒயர் மூலம் இணைத்திருந்தால் அது உழைக்கும். பலகையில் வெறுமனே அழுத்திப் பொருத்தும் ஸ்னாப்-இன் வகை நாளடைவில் ஆடத் தொடங்கும். மூன்றாவது வகைதான் கவலைக்குரியது: குழியின் கால்களை நேராக சர்க்யூட் போர்டிலேயே சால்டர் வைத்திருப்பார்கள். பிளக் ஆடும் ஒவ்வொரு முறையும் அந்த சால்டர் ஆடும். பூதக்கண்ணாடியில் பார்த்தால் காலைச் சுற்றி மெல்லிய வட்ட விரிசல் தெரியும். ஆம்ப் தானாக அணைந்து எரியும், ஸ்பீக்கரில் பட்பட்டென்று கேட்கும், கேபிளைத் தொட்டால் சரியாகிவிடும். பாவம், பழி பெரும்பாலும் கரண்ட் சப்ளை மேல் போகும்.

தளர்ந்த இணைப்பு சூடாகும் என்பது அதைவிட முக்கியம். தளர்ந்த இடத்தில் ஒரு ஓம் தடை உருவாகி, 2 ஆம்பியர் ஓடினால், அங்கே 4 வாட் வெப்பம். கடுகளவு இடத்தில் 4 வாட் என்பது பிளாஸ்டிக்கைப் பழுப்பாக்கப் போதும். முனையின் துளைகளைச் சுற்றிப் பழுப்பு நிறமோ கருகல் வாடையோ இருந்தால் அந்தக் கேபிளை அன்றோடு விட்டுவிடுங்கள்.

இனி தாங்கல் கொடுக்கும் விஷயம். பிளக்குக்குப் பின்னால், பலகையிலிருந்து பத்து செ.மீ.க்குள், கேபிளின் எடை எதன் மீதாவது உட்கார வேண்டும். குழியின் உயரத்துக்குச் சரியாக வெட்டிய மரக்கட்டை போதும். ரேக்குக்குப் பின்கால் இருந்தால் வெல்க்ரோ பட்டையால் அதில் கட்டிவிடலாம். ஆடியோ கடைகளில் கேபிளைத் தரையிலிருந்து உயர்த்தி வைக்கும் தாங்கிகளை, இசை தெளிவாகும் என்று சொல்லி நல்ல விலைக்கு விற்கிறார்கள். இசை கிடக்கட்டும், எடை தாங்க அவை உருப்படியானவை. மரக்கட்டையும் அதே வேலையைச் செய்யும்.

வரிசை முக்கியம். ஆம்பை அணைத்து, சுவர் சுவிட்சையும் அணைத்த பிறகு, முதலில் கேபிளை அது போகவேண்டிய வழியில் படுக்க வையுங்கள். முறுக்கு இருந்தால் பிளக்கைச் சுழற்றி எடுத்துவிட்டுக் கட்டுங்கள். கடைசியில்தான் செருக வேண்டும். கையை எடுத்த பிறகும் பிளக் குழிக்கு நேராகவே நின்றால் சரியாகக் கட்டியிருக்கிறீர்கள் என்று பொருள். சாய்ந்தாலோ திரும்பினாலோ கட்டை உயரத்தை மாற்றுங்கள்.

வளைவுக்கும் இடம் வேண்டும். விட்டத்தைப் போல் ஆறு மடங்குக்குக் குறையாத ஆரத்தில் வளைப்பது நல்லது. 18 மி.மீ. கேபிளுக்கு அது 11 செ.மீ. பிளக்கின் நீளத்தையும் சேர்த்தால் ஆம்புக்குப் பின்னால் கிட்டத்தட்ட 20 செ.மீ. காலியாக இருக்க வேண்டும். சுவரோடு ஒட்டிய டிவி ஸ்டாண்டில் இது நடக்காது. செங்கோணமாகத் திரும்பும் சி13 முனை கிடைக்கிறது. ஆனால் மேலா, கீழா, இடமா, வலமா எந்தப் பக்கம் திரும்புகிறது என்று எர்த் பின்னின் நிலையை வைத்துப் பார்த்து வாங்குங்கள்.

சின்ன டாக், ஃபோனோ பிரீஆம்ப் போன்ற பெட்டிகளுக்கு இந்தக் கேபிள்கள் ஒத்தே வராது. பெட்டியைவிடக் கேபிள் கனம் என்றால் முன்பக்கம் தூக்கிக்கொள்ளும். எட்டு வடிவக் குழி உள்ள கருவிகளில், அதாவது சி8 வகையில், சி14 அடாப்டர் மாட்டிக் கனத்த கேபிளைத் தொங்கவிடவே வேண்டாம். அது 2.5 ஆம்பியருக்கான சின்னக் குழி. அடாப்டர் சேர்ந்தால் நெம்புகோல் இன்னும் நீளும்.

சுவர்ப் பக்கமும் கவனிக்க வேண்டும். வெளிநாட்டுக் கேபிள்கள் பலவும் அமெரிக்கத் தட்டைப் பின்னோடோ ஐரோப்பிய ஷூகோ பிளக்கோடோ வருகின்றன. அமெரிக்க பிளக் 125 வோல்ட்டுக்கானது, நம் வீட்டில் 230. ஷூகோவின் பின் 4.8 மி.மீ., நம் 6 ஆம்பியர் சாக்கெட்டோ 5 மி.மீ.க்குச் சற்று மேலான பின்னுக்கானது. அதனால் பிடிப்பு தளர்வு. ஷூகோவின் எர்த் தகடுகள் பக்கவாட்டில் இருப்பதால் நம் சாக்கெட்டில் எர்த்தும் சேராது. கனத்த பிளக், அதன் மேல் யுனிவர்சல் அடாப்டர் என்று அடுக்கினால் பாதி வெளியே வந்து தொங்கும். எலக்ட்ரீஷியனிடம் கொடுத்து 16 ஆம்பியர் பிளக் போட்டுக்கொள்வதே சரி. அதன் தடித்த பின்கள் எடையை நன்றாகப் பிடிக்கும். கம்பி இழைகள் டெர்மினலில் நுழையவில்லை என்று பாதியை வெட்டிவிடுவார்கள், விடாதீர்கள். நுனியில் ஈயம் பூசி ஸ்க்ரூ வைப்பதும் வேண்டாம், அழுத்தத்தில் ஈயம் நாள்பட நசுங்கி ஸ்க்ரூ தளர்ந்துபோகும். ஃபெரூல் போட்டு நசுக்கி மாட்டச் சொல்லுங்கள். ஹம் சத்தம் போகட்டும் என்று எர்த்தைக் கழற்றுவது உயிரோடு விளையாட்டு.

பருமனால் மின்சாரத்தில் எவ்வளவு லாபம்? 0.75 சதுர மி.மீ. கார்டு ஒன்றரை மீட்டருக்கு, போக வர 0.078 ஓம். நாலு ஸ்கொயர் கேபிளில் அது 0.015. ஒரு ஆம்பியர் ஓடும்போது வித்தியாசம் 0.06 வோல்ட். சுவருக்குள் பதினைந்து மீட்டர் ஓடிவரும் ஒன்றரை ஸ்கொயர் ஒயரின் தடையே 0.36 ஓம். உங்கள் கேபிள் அதை மாற்றப்போவதில்லை. ஷீல்டு உள்ள கேபிள் ஃபோனோ ஒயர் பக்கத்தில் ஓடினால் சிறிது உதவலாம். இரண்டையும் தள்ளி வைத்து, குறுக்கிட வேண்டிய இடத்தில் செங்குத்தாகக் கடக்கவிட்டால் செலவே இல்லை. எனவே, அழகுக்காகவோ ஆசைக்காகவோ வாங்குவதென்றால், வளையக்கூடியதாக, 1 அல்லது 1.5 ஸ்கொயரில், தேவையான நீளத்துக்கு மட்டும் வாங்குங்கள் என்பேன்.

பூட்டும் வசதியுள்ள சி13 முனைகள் வந்திருக்கின்றன. அவை பிளக் கழன்று விழாமல் காக்கும், எடையைக் குறைக்காது. கட்டை எப்படியும் வேண்டும்.

குழி ஏற்கெனவே ஆடுகிறதென்றால், நீங்களே மூடியைத் திறக்காதீர்கள். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கபாசிட்டர்களில் மின்சாரம் தங்கியிருக்கும். மெக்கானிக்கிடம், 40 மி.மீ. இடைவெளியில் இரண்டு ஸ்க்ரூ போடும் வகைக் குழியாக மாற்றி, போர்டுக்கு ஒயரில் இணைக்கச் சொல்லுங்கள். பலகையில் புதிதாகத் துளை போட வேண்டியிருந்தால், போர்டைக் கழற்றி எடுத்த பிறகே டிரில்லரைத் தொட வேண்டும். உலோகத் தூள் ஒரு துகள் உள்ளே விழுந்தாலும் ஷார்ட் ஆகும்.