குழந்தை தலையில் புடைப்பா? பத்து போட்டு காத்திருக்காதீர்கள்
மண்டை ஓட்டை அரிக்கும் அபூர்வ நோயை குணப்படுத்த முடியும்

திருக்கோவிலூர்:-

குழந்தைக்கு எண்ணெய் தேய்த்து தலை வாரும்போதுதான் பல தாய்மார்களுக்கு அது கையில் தட்டுப்படும். "என்னடா, இங்க புடைப்பா இருக்கே, எங்கயாவது விழுந்தியா?" என்று கேட்பார்கள். விளையாடும் பிள்ளை விழாமல் இருக்குமா? அதுவும் "ஆமாம்" என்று சொல்லிவிடும். மஞ்சள் பத்து போட்டு விட்டு, கரும்பு வெட்டவோ, கட்டிட வேலைக்கோ பெற்றோர் கிளம்பி விடுவார்கள்.

அடிபட்ட வீக்கம் என்றால் சில நாளில் வடிந்து விடும். 2, 3 வாரம் ஆகியும் வடியவில்லை, பெரிதாகிறது, தொட்டால் வலிக்கிறது என்றால் டாக்டரிடம் காட்டியே ஆக வேண்டும்.

குழந்தைகளின் தலையில் வரும் கட்டிகளில் பெரும்பாலானவை ஆபத்து இல்லாதவை. பிறவியிலேயே தோலுக்கு அடியில் தங்கி விடும் நீர்க்கட்டிகளே அதிகம். ஆனால் அபூர்வமாக மண்டை ஓட்டு எலும்பையே அரிக்கும் நோயும் உண்டு. இதற்கு 'லாங்கர்ஹான்ஸ் செல் ஹிஸ்டியோசைட்டோசிஸ்' என்று பெயர். 10 லட்சம் குழந்தைகளில் ஆண்டுக்கு சில பேருக்குத்தான் வரும்.

நோய் எதிர்ப்பு சக்தி தரும் ஒருவகை செல்கள் தாறுமாறாக பெருகி, எலும்பில் கூடுகட்டி அரிப்பதே இந்த நோய். இப்படி பாதிக்கப்பட்டவர்களில் சுமார் பாதிப்பேரின் செல்களில் 'பிராப்' என்ற மரபணு மாறி இருப்பது 2010-ம் ஆண்டு கண்டுபிடிக்கப்பட்டது. இது தொற்றுநோய் அல்ல. தாய் சாப்பிட்ட சாப்பாட்டாலோ, கண் திருஷ்டியாலோ வருவதும் அல்ல.

கவனிக்க வேண்டிய அறிகுறிகள்

* மருந்து போட்டும் நிற்காமல் காதில் சீழ் வடிதல்
* ஒரு கண் மட்டும் முன்னால் பிதுங்குதல்
* தலையில் பொடுகு போன்ற புண் ஆறாமல் இருத்தல்
* பல் காரணமின்றி ஆடுதல்
* ஓயாத தாகம், அடிக்கடி சிறுநீர் கழித்தல்

கடைசி அறிகுறி முக்கியமானது. இது சர்க்கரை நோயாக மட்டுமே இருக்கும் என்று நினைத்து விடக்கூடாது. மண்டை ஓட்டின் அடியில் உள்ள பிட்யூட்டரி சுரப்பியை நோய் தொட்டு விட்டதற்கான அடையாளமாக இருக்கலாம்.

கண்டுபிடிப்பது எப்படி?

முதலில் சாதாரண எக்ஸ்ரே. பேப்பரில் பஞ்சிங் மிஷின் போட்ட ஓட்டை போல எலும்பில் வட்டமாக தெரியும். பிறகு சி.டி. ஸ்கேன், எம்.ஆர்.ஐ. ஸ்கேன் எடுப்பார்கள். நோயை உறுதி செய்வது 'பயாப்சி' எனப்படும் சதை பரிசோதனைதான். வேறு எலும்புகள், கல்லீரல், மண்ணீரல், ரத்தம் பாதிக்கப்பட்டுள்ளதா என்றும் பார்ப்பார்கள்.

சிகிச்சை என்ன?

ஒரே இடத்தில் மட்டும் இருந்தால் ஆபரேஷன் செய்து சுரண்டி எடுத்தாலே பெரும்பாலும் போதும். சில குழந்தைகளுக்கு தானாகவே ஆறி விடுவதும் உண்டு. வளரும் வயது என்பதால் ஓட்டை விழுந்த எலும்பு சில மாதங்களில் தூர்ந்து விடும்.

பல இடங்களில் இருந்தாலோ, கண், காது அருகே இருந்தாலோ 'வின்பிளாஸ்டின்' ஊசியும், ஸ்டீராய்டு மாத்திரையும் கொடுப்பார்கள். தொடக்கத்தில் வாரம் ஒரு ஊசி. பிறகு இடைவெளி விட்டு, மொத்தம் சுமார் ஓராண்டு.

இங்குதான் ஏழை குடும்பங்கள் தடுமாறுகின்றன. கட்டி கரைந்ததும், "நல்லாத்தானே இருக்கான்" என்று ஊசியை நிறுத்தி விடக்கூடாது. இது திரும்ப வரக்கூடிய நோய். எலும்பில் மட்டும் இருக்கும்போதே வைத்தியம் பார்த்தால் ஏறக்குறைய எல்லா குழந்தைகளும் பிழைத்து விடுகிறார்கள். கல்லீரல், எலும்பு மஜ்ஜை வரை போய்விட்டால் உயிருக்கே ஆபத்து.

எங்கே போவது?

திருக்கோவிலூர் அரசு ஆஸ்பத்திரியிலோ, 2022-ல் திறக்கப்பட்ட கள்ளக்குறிச்சி அரசு மருத்துவக்கல்லூரி ஆஸ்பத்திரியிலோ முதலில் காட்டலாம். கல்வராயன்மலை மக்கள் பள்ளி, அங்கன்வாடிக்கு வரும் மருத்துவ குழுவிடமும் சொல்லலாம். மேல் சிகிச்சைக்கு புதுச்சேரி ஜிப்மர், சென்னை எழும்பூர் குழந்தைகள் ஆஸ்பத்திரி உள்ளன.

முதல்-அமைச்சர் காப்பீட்டு திட்டத்தில் குடும்பத்துக்கு ஆண்டுக்கு ரூ.5 லட்சம் வரை சிகிச்சை பெறலாம். அட்டை இல்லாதவர்கள் வருமான சான்று, ரேஷன் கார்டு, ஆதாருடன் கலெக்டர் அலுவலகத்தில் உள்ள காப்பீட்டு மையத்துக்கு செல்ல வேண்டும். சந்தேகம் இருந்தால் 104-க்கு போன் செய்து கேட்கலாம்.

ஒருநாள் கூலி போனால் மறுநாள் சம்பாதித்து விடலாம். பிள்ளையின் தலையில் உள்ள புடைப்பை மட்டும் நாளைக்கு பார்க்கலாம் என்று தள்ளிப்போட வேண்டாம்.