ஊரும் வழியும் – 7: தலைக்கணக்கும் வழிக்கணக்கும்

நாகபுரியில் 1943-ஆம் ஆண்டு கூடிய தலைமைப் பொறியாளர்கள், வேளாண்மை செழித்த பிரதேசங்களில் எந்தக் கிராமமும் பிரதான சாலைக்கு 5 மைலுக்கு அப்பால் இருத்தல் ஆகாது என்ற லட்சியத்தை வகுத்ததைச் சென்ற வாரம் கண்டோம். கிராமவாசி நடக்க வேண்டிய தூரத்தையே அளவுகோலாகக் கொண்ட லட்சியம் அது. சுதந்திரத்திற்குப் பின், ஊர்களோ பல லட்சமாகவும் கையிருப்போ சொற்பமாகவும் இருந்த நிலையில், எதை முதலில் எடுப்பது என்று தீர்மானிக்க சர்க்காருக்கு எளிதாகக் கிட்டிய அளவுகோல் ஜனத்தொகை. ஐந்தாவது ஐந்தாண்டுத் திட்டம் 1,500 பேருக்குக் குறையாத ஊர்களை முதலில் கணக்கில் கொண்டது. 2000-ஆம் ஆண்டு டிசம்பர் 25-ஆம் நாள் தொடங்கிய பிரதம மந்திரி கிராமச் சாலைத் திட்டம், அந்த எல்லையைச் சமவெளியில் 500 ஆகவும், மலை மாநிலங்களிலும் பாலைநிலத்திலும் பழங்குடிப் பகுதிகளிலும் 250 ஆகவும் தாழ்த்தியது. மழைக்காலத்திலும் வண்டி ஓடும் சாலையை ஆயிரமாயிரம் ஊர்கள் முதன்முறையாகக் கண்டது இத்திட்டத்தால்தான் என்பதை நன்றியுடன் சொல்ல வேண்டும்.

ஆயினும் அந்தச் சாலை மக்களுக்குத் தந்த பயன் யாதென்று ஆராய்ந்தால், தலைக்கணக்கின் குறை விளங்கும். எல்லைக்குச் சற்றே மேலும் சற்றே கீழும் இருந்த ஊர்கள் மற்றெல்லாவற்றிலும் ஒத்திருந்தமையால், அவற்றை ஒப்புநோக்கிய ஸாம் ஆஷர், பால் நோவோசாத் என்னும் பொருளாதார அறிஞர்கள், 2020-இல் வெளியிட்ட ஆய்வில், சாலை வந்த ஊர்களில் விளைச்சலோ சொத்தோ குறிப்பிடத்தக்க அளவு பெருகவில்லை என்றும், விவசாய வேலையில் இருந்தவர்கள் வேறு தொழிலுக்குச் செல்ல வழி பிறந்ததே முக்கியமான மாறுதல் என்றும் கண்டனர். அதாவது, சாலை முதலில் வளர்ப்பது ஊரை அன்று. ஊரிலுள்ள மனிதன் வெளியே சென்று மீளும் சக்தியை. அந்தச் சக்தி ஆயிரம் பேர் வாழும் ஊரில் பிறந்தவனுக்கு வேண்டுவது போலவே நூறு பேர் வாழும் ஊரில் பிறந்தவனுக்கும் வேண்டுவதல்லவா?

உண்மையில், அவனுக்கே அது அதிகம் வேண்டும். துணைச் சுகாதார நிலையம் சமவெளியில் 5,000 பேருக்கு ஒன்று, மலையிலும் பழங்குடிப் பகுதியிலும் 3,000 பேருக்கு ஒன்று என்பது விதி. ஆட்கள் குறைவு என்பதால் செவிலி ஊருக்கு வருவதில்லை. அதே காரணத்தால் செவிலியிடம் செல்லும் சாலையும் வருவதில்லை. ஆந்திரத்தின் பாடேரு மலைப்பகுதியில், சில குடும்பங்களே வாழும் சிற்றூர்களிலிருந்து, பிரசவ வேதனையில் துடிக்கும் பெண்ணை மூங்கில் கழியில் துணி கட்டிய டோலியில் கிடத்தி, உறவினர் தோள் மாற்றித் தோள் சுமந்து, ஓடைகளைக் கடந்து வண்டி நிற்கும் இடம்வரை கொண்டுசேர்க்கும் அவலம் இன்றும் செய்தியாக வந்துகொண்டிருப்பதற்கு இந்த இரட்டை மறுப்பே காரணம்.

இதைச் சர்க்காரும் உணராமல் இல்லை. 2023-இல் தொடங்கிய பிரதம மந்திரி ஜன்மன் திட்டம், மிகவும் நலிந்த பழங்குடியினரின் குடியிருப்புகளுக்கு எல்லையை 100 ஆக்கிற்று. இது வரவேற்கத்தக்கது. ஆனால் எண்ணை எவ்வளவு தாழ்த்தினாலும் அதற்குக் கீழே ஓர் ஊர் இருந்தே தீரும். ஆகையால், எத்தனை பேர் வாழ்கிறார்கள் என்ற கேள்வியோடு, அடைமழையில் அவர்கள் ஆஸ்பத்திரியை அடைய எத்தனை மணி நேரம் ஆகிறது என்ற கேள்வியையும் சேர்த்து, இரண்டையும் கொண்டே சாலை வரிசை நிர்ணயிக்கப்பட வேண்டும். தூரத்தை முதலில் வைத்த 1943-ஆம் ஆண்டின் நியாயத்தை நாம் மீண்டும் கைக்கொள்வதில் புதுமை ஏதுமில்லை, கடமையே உண்டு.

சாலை வந்த பின்னும் பஸ் வராத ஊர்களின் நிலையை அடுத்த வாரம் காண்போம்.

(தொடரும்)