ஒரே ஒரு தோட்டா

கம்பத்திலிருந்து மலையேறிக் குமுளியைத் தொட்டு, மூணாறு செல்லும் சாலையில் திரும்பினால் சக்குபள்ளம் ஊராட்சி வந்துவிடும். இருபுறமும் மரநிழலில் ஏலத்தோட்டங்கள். கம்பம் பள்ளத்தாக்கிலிருந்து ஜீப்பு ஜீப்பாக நம் பெண்கள் கூலிக்கு ஏறி வரும் மலை இது. போடி, கம்பம், உத்தமபாளையம் பக்கத்திலிருந்து பிழைப்புக்காக வெளியூர் வந்த நம் வாசகர்களுக்கு இந்த மலையைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை.

இந்த மலைத் தோட்டங்களில் துப்பாக்கி என்று சொன்னால் பெரியவர்கள் நினைவுக்கு வருவது ஒற்றைக் குழல் துப்பாக்கிதான். ஒரு தோட்டாவைப் போட வேண்டும். ஒருமுறை சுட வேண்டும். திறந்து, வெற்றுத் தோட்டாவை எடுத்துவிட்டு, அடுத்ததைக் கையால் போட வேண்டும். அதற்குள் காட்டுப்பன்றி அடுத்த தோட்டத்துக்குப் போயிருக்கும்! ஐந்து தோட்டா, பத்து தோட்டா அடுக்கிக்கொள்ளும் துப்பாக்கிகள் வந்து நூறாண்டுக்கு மேலாகிவிட்டது. அப்படியிருந்தும் ஒரே ஒரு தோட்டா கொள்ளும் துப்பாக்கியை உலகெங்கும் விரும்பி வாங்குகிறார்கள். ஒலிம்பிக் பந்தயத்தில் தங்கம் வாங்கித் தருவதும் அதுதான். இதில் அப்படி என்ன இருக்கிறது?

ரைபிள் வேறு, வேட்டைத் துப்பாக்கி வேறு

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். நம் மலைகளில் உரிமம் பெற்று வைத்திருப்பவை பெரும்பாலும் வழவழப்பான குழல் கொண்ட துப்பாக்கிகள். ஒரு தோட்டாவுக்குள் பல ரவைகள் இருக்கும்; சுட்டால் சிதறிப் பாயும். கிட்டத்தில்தான் பயன். ரைபிள் அப்படியல்ல. அதன் குழலின் உட்புறத்தில் திருகு வரிகள் வெட்டியிருப்பார்கள். ஒற்றைக் குண்டு அந்த வரிகளில் சுழன்றுகொண்டே வெளியேறும். பம்பரம் சுழலும்வரை சாயாமல் நிற்பதுபோல, சுழலும் குண்டும் தலைகுப்புறாமல் நெடுந்தூரம் நேராகப் போகும்.

இரண்டிலுமே ஒற்றைத் தோட்டா வகை உண்டு. ரைபிளில் அந்த வகைக்குப் புகழ் வந்தது 19ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில். அதுவரை குழலின் வாய்வழியாக மருந்தைக் கொட்டி, குண்டைத் திணித்து, கம்பியால் இடித்துச் சுட்டார்கள். பின்பக்கம் திறந்து தோட்டா போடும் முறை வந்ததும் காலம் மாறியது. பழைய என்ஃபீல்டு துப்பாக்கியையே திருத்தி 1866இல் பிரிட்டிஷ் படைக்கு ஸ்னைடர் வந்தது. 1871இல் மார்ட்டினி-ஹென்றி வந்தது. கீழேயுள்ள நெம்புகோலை இழுத்தால் பின்னால் அடைத்திருக்கும் கட்டை தாழும். தோட்டாவைத் தள்ளி நெம்புகோலை மேலே தூக்கினால் கட்டை கெட்டியாக அடைத்துக்கொள்ளும். அவ்வளவுதான் வேலை.

அமெரிக்காவில் ஜான் பிரவுனிங் என்ற இளைஞர் 1879இல் காப்புரிமை பெற்ற முதல் துப்பாக்கியும் ஒற்றைத் தோட்டா வகைதான். பின்னாளில் இயந்திரத் துப்பாக்கிகளும் தானியங்கிக் கைத்துப்பாக்கிகளும் செய்து உலகையே அதிரவைத்தவர் அவர். ஆனாலும் அவருடைய அந்த முதல் ரைபிளை, வின்செஸ்டர் கம்பெனி 1885இல் விற்கத் தொடங்கியதை, இன்றும் புதிதாகச் செய்து விற்கிறார்கள் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

மூன்றே மதிப்பெண்

ஒற்றைத் தோட்டாவின் மகிமைக்கு ஒரு பழைய பந்தயத்தைச் சொல்வார்கள். 1874 செப்டம்பரில் நியூயார்க்கை அடுத்த கிரீட்மோர் திடலில் அயர்லாந்து அணியும் அமெரிக்க அணியும் மோதின. அணிக்கு ஆறு பேர். 800, 900, 1000 கெஜத் தூரங்களில் ஆளுக்குப் பதினைந்து குண்டுகள். அயர்லாந்தார் கையில் வாய்வழி மருந்திடும் ரிக்பி ரைபிள்கள்; அமெரிக்கர் கையில் பின்வழித் தோட்டா போடும் ஷார்ப்ஸ், ரெமிங்டன் ரைபிள்கள். முடிவு: அமெரிக்கா 934, அயர்லாந்து 931.

அயர்லாந்து வீரர் ஒருவர் சுட்ட ஒரு குண்டு நடுப்புள்ளியில்தான் பட்டது. ஆனால் பட்டது பக்கத்து இலக்கில்! மதிப்பெண் பூஜ்யம். தன் இலக்கில் பட்டிருந்தால் நான்கு கிடைத்திருக்கும், வெற்றியும் கிடைத்திருக்கும். ஆயிரம் கெஜத்துக்கு அப்பால் புள்ளியைத் தொடும் கையும் கண்ணும் இருந்தும், ஒரு நொடிக் கவனப்பிசகு ஓர் அணியைத் தோற்கடித்தது. இரண்டாவது குண்டு வந்து முதல் குண்டின் பிழையைத் திருத்துவதில்லை என்பதை இதைவிடத் தெளிவாக யார் சொல்ல முடியும்?

பொறியியல் சொல்லும் காரணம்

உணர்ச்சியை விட்டுவிட்டுப் பார்த்தாலும் காரணங்கள் உண்டு. தோட்டா அடுக்கும் அறை இல்லாததால் மரக்கட்டையின் அடிப்பாகத்தைக் குடைய வேண்டியதில்லை; கட்டை உறுதியாக நிற்கும். பூட்டு கொண்டியைப் பின்னுக்கு இழுக்கும் நீளம் தேவையில்லாததால், துப்பாக்கியின் மொத்த நீளம் கூடாமலே குழலை நீளமாக வைத்துக்கொள்ளலாம். தோட்டா எதிலும் உரசாமல், முனை நசுங்காமல், கையிலிருந்து நேராகக் குழலுக்குள் போகிறது. அசையும் உறுப்புகள் குறைவு, கெடுவதும் குறைவு. குழல் காலியா இல்லையா என்பதைத் திறந்தவுடன் கண்ணால் பார்க்கலாம். விபத்தைத் தவிர்க்க இதைவிட எளிய வழி இல்லை.

ஆனால் இந்த வகையை நேசிப்பவர்கள் முதலில் சொல்லும் காரணம் இவை எதுவுமல்ல. கையில் ஒன்றே இருக்கிறது என்ற நினைப்பு மனிதனை மாற்றிவிடுகிறது என்பார்கள். தூரத்தில் இருக்கும் விலங்கைச் சுட மாட்டான், நெருங்கிப் போவான். ஓடுவதைச் சுட மாட்டான்; நிற்கும்வரை காத்திருப்பான். சந்தேகம் இருந்தால் விசையைத் தொடவே மாட்டான். காயம்பட்ட விலங்கைக் காட்டில் அலையவிடுவது வேட்டைக்காரனுக்கு அவமானம் என்ற பழைய நெறி, ஒற்றைத் தோட்டாவோடு தானாக வந்து சேர்கிறது.

நாணயத்துக்கு மறுபக்கமும் உண்டு. 1857க்குப் பிறகு ஆங்கிலேயர் இந்தியச் சிப்பாய்களுக்கு ஒரு தலைமுறை பின்தங்கிய துப்பாக்கிகளையே கொடுத்து வந்தார்கள். வெள்ளைப் படை மார்ட்டினிக்கு மாறியபோது நம்மவர் கையில் ஸ்னைடர். வெள்ளைப் படை பல தோட்டா ரைபிளுக்கு மாறிய பிறகே நம்மவருக்கு மார்ட்டினி. பின்னர் வங்காளத்து ஈசாப்பூர் தொழிற்சாலையில், பத்துத் தோட்டா கொள்ளும் ராணுவ ரைபிளின் அறையை மரக்கட்டையால் அடைத்து, ஒரே தோட்டா போடும் பாயின்ட் 410 மஸ்கட்டாக மாற்றிக் காவலர்களுக்குக் கொடுத்தார்கள். அங்கே ஒற்றைத் தோட்டா ஒழுக்கத்துக்காக அல்ல, அவநம்பிக்கைக்காக. தானே தேர்ந்தெடுக்கும் கட்டுப்பாடு ஒன்று. பிறர் திணிக்கும் கட்டுப்பாடு வேறொன்று.

மலையில் நடந்தது

நம் மேற்கு மலையில் வேட்டை ஒருகாலத்தில் தோட்டத் துரைமார்களின் பொழுதுபோக்கு. மூணாறை அடுத்த இரவிகுளத்து மேட்டுநிலத்தைத் தேயிலைத் துரைமார்கள் தங்கள் வேட்டைக் காடாகவே வைத்துக் காத்தார்கள். வரையாடுகள் அங்கே பிழைத்ததற்கு அந்தக் காவலும் ஒரு காரணம் என்பது வேடிக்கையான உண்மை. முதுவர் இனத்தார் அங்கே காவலர்களாக இருந்தார்கள். 1975இல் அது சரணாலயமாகி, 1978இல் தேசியப் பூங்காவாயிற்று. தேக்கடியில் திருவிதாங்கூர் மன்னர் 1934இல் அமைத்த நெல்லிக்காம்பட்டி சரணாலயமே இன்றைய பெரியாறு புலிகள் காப்பகத்தின் தொடக்கம்.

1972இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 1991இல் அதைத் திருத்தி, உரிமம் பெற்று வேட்டையாடும் வழியையும் அடைத்தார்கள். ஆக, பொழுதுபோக்கு வேட்டை நம் நாட்டில் முடிந்துபோன கதை. அது முடிந்ததில் வருந்த ஒன்றுமில்லை.

ஆனால் பன்றிக்குச் சட்டம் தெரியாது! கப்பை, சேனை, சேம்பு, வாழை என்று எதை நட்டாலும் ஓரிரவில் கிளறிப் போட்டுவிடும். நம் சங்கப் பாடல்களின் குறிஞ்சி நிலத்திலேயே தினைப்புனத்தைப் பன்றி மேய்ந்த கதை உண்டு. பரணில் அமர்ந்து காவல் காத்தவர்களும் உண்டு. இன்று அதே குறிஞ்சி நிலத்தில், கடன் வாங்கிக் கப்பை நட்ட சிறு விவசாயி தூக்கமின்றி நிற்கிறார்.

கேரள அரசு 2022 மே மாதத்தில் ஒரு முடிவெடுத்தது. பயிரை அழிக்கும் காட்டுப்பன்றியைச் சுட அனுமதிக்கும் அதிகாரத்தை ஊராட்சித் தலைவர் முதலான உள்ளாட்சித் தலைவர்களிடம் கொடுத்தது. உரிமத் துப்பாக்கி வைத்திருப்பவரை அழைத்துச் சுடச் செய்யலாம். இறைச்சியை எடுக்கக் கூடாது, புதைத்துவிட வேண்டும். மலைக்கு இந்தப் பக்கம் தமிழ்நாட்டு அரசு 2025 ஜனவரியில் வேறு வழியை அறிவித்தது. காப்புக்காட்டிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் சுடக் கூடாது. ஒன்று முதல் மூன்று கிலோமீட்டர் வரை பிடித்துக் காட்டில் விட வேண்டும். அதற்கு அப்பால் வனத்துறையினரே சுடலாம். ஒரே மலை, ஒரே பன்றி, இரண்டு சட்டம்!

கேரளத்து முறையில் முழுப் பொறுப்பும் உரிமக்காரர் தலையில் விழுகிறது. சம்பளக்காரரல்ல, பெரும்பாலும் வயதான விவசாயி. தேர்தல் வந்தால் துப்பாக்கியைக் காவல் நிலையத்தில் ஒப்படைக்க வேண்டும். இரவில் ஏலச்செடிகளுக்கு நடுவே பத்தடிக்கு அப்பால் எது நிற்கிறது என்று தெரியாது. அசைவது பன்றியா, பக்கத்துத் தோட்டக் காவலாளியா? ரவை பட்டுக் காயத்தோடு திரும்பும் பன்றி மனிதனைக் கிழித்துவிடும். யானைக்குக் குறிவைத்துத் தவறவிட்ட வேலுக்கு வள்ளுவர் பெருமை தந்தார். அது போர்க்களத்து வீரம். ஏலத்தோட்டத்தில் தவறிய குண்டுக்கு எந்தப் பெருமையும் இல்லை. பார்த்து, உறுதி செய்து, ஒருமுறை சுடு; இல்லாவிட்டால் சுடாதே. இங்கே இது விளையாட்டு விதியல்ல, உயிர் காக்கும் விதி.

குறி மாறியது

வேட்டை போனாலும் குறிபார்க்கும் கலை போகவில்லை. குடகு நாட்டில் செப்டம்பர் தொடக்கத்தில் கைல்போது திருநாள். ஆயுதங்களுக்குப் பூசை செய்து, துப்பாக்கியில் ஒரு பூவைச் செருகுவார்கள். அவர்கள் மொழியில் அது துப்பாக்கிப் பூ. நம் மொழியில் அதுவே செங்காந்தள், தமிழ்நாட்டின் மாநில மலர்! பூசை முடிந்ததும் ஊர்த்திடலில் உயரத்தில் கட்டிய தேங்காயைச் சுடும் போட்டி. உயிர்ப்பலி இல்லை, ஊர் கூடிக் கைதட்டுகிறது.

இன்னொரு வழி விளையாட்டரங்கம். ஒலிம்பிக் ரைபிள் போட்டிகளில் அனுமதிக்கப்படுவது ஒவ்வொன்றாகக் குண்டு போடும் ரைபிள் மட்டுமே. பத்து மீட்டர் காற்று ரைபிளில் 75 நிமிடத்தில் 60 குண்டுகள். நடுப்புள்ளியின் குறுக்களவு அரை மில்லிமீட்டர். பேனா முனையால் வைத்த புள்ளி அளவுதான். 2008இல் பெய்ஜிங்கில் அபினவ் பிந்த்ரா தங்கம் வென்றபோது, அவருடைய கடைசிக் குண்டு 10.8. 2012இல் லண்டனில் சென்னையில் பிறந்த ககன் நாரங் வெண்கலம் வென்றார். 2024இல் பாரிஸில் ஐம்பது மீட்டர் ரைபிளில் ஸ்வப்னில் குசாலே வெண்கலம் வென்றார்.

நம் போன்ற வெளியூர்த் தமிழர்கள் நெஞ்சு நிமிர்த்த வேண்டிய பெயர் ஒன்று உண்டு: இளவேனில் வாலறிவன். கடலூரில் பிறந்து குஜராத்தில் வளர்ந்தவர். 2018இல் சிட்னியில் இளையோர் உலகக் கோப்பைத் தங்கம். 2019இல் ரியோவில் முதியோர் பிரிவு உலகக் கோப்பைத் தங்கம். பாரிஸ் ஒலிம்பிக்கில் 630.7 புள்ளிகள் எடுத்தும் பத்தாம் இடம். முதல் எட்டுப் பேருக்குத்தான் இறுதிச் சுற்று. அறுபது குண்டுகளில் ஒவ்வொன்றிலும் ஒரு மயிரிழை விலகினால் போதும், நான்காண்டு உழைப்பு வாசலில் நின்றுவிடுகிறது. மறுநாள் மறுபடி அரங்குக்குப் போய் முதல் குண்டைப் போடுகிறார்களே, அந்த மனத்திடத்தைத்தான் இந்த விளையாட்டு வளர்க்கிறது.

தொலைக்காட்சியிலும் கணினி விளையாட்டிலும் நம் பிள்ளைகள் பார்க்கும் துப்பாக்கி நிற்காமல் சுடுகிறது. தவறினால் என்ன, அடுத்தது இருக்கிறதே என்று பழக்குகிறது. நாம் வாழும் நகரங்களில் ரைபிள் சங்கங்கள் பல இருக்கின்றன. ஆர்வமுள்ள பிள்ளையை ஒருநாள் அங்கே அழைத்துச் சென்று, பயிற்சியாளர் முன்னிலையில் ஒரே ஒரு குண்டு சுடச் செய்யுங்கள். மூச்சை அடக்கி, கையை நிறுத்தி, அவசரத்தை விட்டு நிற்கும் அந்த அரை நிமிடத்தில் அவன் கற்பது வேறெங்கும் எளிதில் கிடைக்காது. பெண் பிள்ளையானால் இன்னும் நல்லது; இளவேனில் வழி காட்டியிருக்கிறார்.

சக்குபள்ளத்து விவசாயிக்கும் ஒரு நல்ல வழி பிறக்க வேண்டும். வேலியும், உரிய நேரத்தில் நட்டஈடும், பயிற்சி பெற்ற காவலும் அரசிடமிருந்து வந்து சேர்ந்தால், அவர் தன் ஒற்றைக் குழலைச் சுவரில் மாட்டிவிட்டு நிம்மதியாகத் தூங்குவார்.