காஞ்சியில் ஐந்து மணி நேரம்

வீட்டில் கல்யாணம் நிச்சயமானால் காஞ்சிபுரத்துக்குப் புறப்படுவது நம் வழக்கம். காமாட்சியைத் தரிசித்துவிட்டுப் புடவைக் கடைக்குள் நுழைந்தால், பொழுது போவதே தெரியாது! அடுத்த முறை போகும்போது, கடைக்கு முன்னால் அரை நாளைத் தனியாக எடுத்து வையுங்கள். பெரிய காஞ்சிபுரத்தில் புத்தரைத் தேடிப் பார்க்கலாம்.

"காஞ்சியில் புத்தரா?" என்று கேட்கத் தோன்றுகிறதல்லவா? கி.பி. 640-ஐ ஒட்டி இங்கே வந்த சீன யாத்திரிகர் யுவான் சுவாங், 100-க்கு மேற்பட்ட பௌத்த மடங்களும் 10,000 பிக்ஷுக்களும் இருந்ததாக எழுதி வைத்திருக்கிறார். அசோகர் கட்டியதாகச் சொல்லப்பட்ட 100 அடி உயர ஸ்தூபியும் இருந்ததாம். நாளந்தாவில் பெரும் ஆசாரியராக விளங்கிய தர்மபாலர் பிறந்ததும் இந்த ஊரில்தான் என்கிறார் அவர்.

அந்த மடங்களில் ஒன்றுகூட இன்று நிற்கவில்லை. ஸ்தூபியும் இல்லை. ஆனால் கல்லில் செதுக்கிய உருவங்கள் சில தப்பிப் பிழைத்தன. சாசன ஆராய்ச்சியாளர் து. அ. கோபிநாத ராவ் இங்கே ஐந்தே மணி நேரம் சுற்றினார். காமாட்சியம்மன் கோயிலைச் சுற்றி அரை மைல் தூரத்துக்குள்ளேயே ஐந்து புத்தர் சிலைகள் அவர் கண்ணில் பட்டன! 1915-ல் அதைக் கட்டுரையாக வெளியிட்டார். அவற்றுள் பெரியது, அம்மன் கோயிலின் உட்பிராகாரத்தில் நின்றிருந்த புத்தர்; உயரம் 7 அடி 10 அங்குலம். அது பின்னர் சென்னை எழும்பூர் மியூசியத்துக்குப் போய்ச் சேர்ந்தது. இரண்டு சிலைகள் கருக்கினில் அமர்ந்தவள் அம்மன் கோயிலில் இருந்தவை.

கோயில்களை நடுப்பகலில் சாத்திவிடுவார்கள். ஆகையால் விடிந்ததும் ஊரில் இருப்பது நல்லது. முதலில் ஏகாம்பரநாதர் கோயிலுக்குப் போங்கள். உள்ளே தரிசனம் முடிந்ததும் வெளி மதிலை ஒட்டி மெள்ள நடந்து வாருங்கள். கல்லோடு கல்லாகப் புத்தர் உருவங்கள் தென்படும். பெரியவர்களைவிடக் குழந்தைகளே முதலில் கண்டுபிடிப்பார்கள்!

பெண்களுக்கு இந்த ஊரில் தனிப் பாத்தியதை ஒன்றும் உண்டு. மணிமேகலையின் கையிலிருந்த அமுதசுரபியில் முதல் பிச்சை இட்டவள் ஆதிரை என்ற இல்லத்தரசி. அதற்குப் பிறகே அந்தப் பாத்திரம் அள்ள அள்ளக் குறையாமல் சுரந்தது. காஞ்சி பஞ்சத்தில் வாடுவதைக் கேட்டு மணிமேகலை இங்கே வந்தாள். பசித்து வந்தவர் அத்தனை பேருக்கும் சோறிட்டாள். அறவண அடிகளிடம் அறம் கேட்டுத் துறவு பூண்டதும் இங்கேதான். காப்பியம் முடிகிற இடம் காஞ்சி!

இந்த ஊர்ப் பௌத்தத்தின் புகழ் கடல் கடந்தும் நெடுங்காலம் நின்றது. காஞ்சியில் வாழ்ந்த புத்தாதித்யர் என்ற பிக்ஷு, ஜாவா தேசத்து அரசரைப் புகழ்ந்து பாடியதாக 1365-ல் எழுந்த ஜாவா நூல் ஒன்று கூறுகிறது. அப்போது யுவான் சுவாங் வந்து போய் 700 ஆண்டுகள் ஆகியிருந்தன.

ஸ்தூபியும் மடங்களும் மண்ணோடு மண்ணாயின. பசித்தவருக்குச் சோறிட்ட கதை மட்டும் அழியவில்லை. மதிலோரத்துப் புத்தரைக் காட்டி, அந்தக் கதையை உங்கள் குழந்தைகளுக்குச் சொல்லுங்கள். ஊர் திரும்பியபின் இன்னொரு நாள் எழும்பூருக்கும் அழைத்துப் போங்கள். வெள்ளிக்கிழமைகளில் மியூசியத்துக்கு விடுமுறை.