பிரெஞ்சு படிக்கலாமா?

பெங்களூரில் பள்ளிகள் திறக்கும் நேரம் வந்துவிட்டால் தமிழ்க் குடும்பங்களில் ஒரு பேச்சு கிளம்பும். "பையனுக்குப் பிரெஞ்சு எடுத்துவிடலாமா?" வீட்டில் தமிழ், தெருவில் கன்னடம், பள்ளியில் ஆங்கிலமும் இந்தியும். ஏற்கெனவே நான்கு மொழிகளைச் சுமக்கிற பிள்ளைக்கு ஐந்தாவது எதற்கு என்று பாட்டி கேட்பார். "மார்க் நிறைய வரும்" என்பார் அப்பா.

பாட்டியின் கேள்வி நியாயமானது. அப்பாவின் பதில்தான் போதாது. மார்க்குக்காக மனப்பாடம் செய்த பிரெஞ்சு, தேர்வு முடிந்த மறு மாதமே மறந்துபோகும். பேசவும் எழுதவும் வருகிற பிரெஞ்சுதான் பிற்காலத்தில் சோறு போடும்.

எங்கே பயன்படும்?

ஐக்கிய நாடுகள் சபையின் ஆறு ஆட்சி மொழிகளுள் பிரெஞ்சும் ஒன்று. உலகில் பிரெஞ்சு பேசுவோர் சுமார் 32 கோடி என்று 2022-ல் மதிப்பிடப்பட்டது. அன்றாடம் அதைப் பேசுவோரில் பாதிக்கு மேற்பட்டவர்கள் வாழ்வது ஆப்பிரிக்காவில் என்பது பலருக்கு வியப்பளிக்கும்.

அவ்வளவு தூரம் போவானேன்? ஏர்பஸ், கேப்ஜெமினி, சொசியெத்தே ஜெனரால் போன்ற பிரெஞ்சுத் தொடர்புடைய பெரிய நிறுவனங்கள் பெங்களூரிலேயே இயங்குகின்றன. அங்கே வேலை நடப்பது பெரும்பாலும் ஆங்கிலத்தில்தான். ஆயினும் தொழில் தெரிந்தவருக்குப் பிரெஞ்சும் தெரிந்தால் அது கூடுதல் தகுதி.

2030-க்குள் ஆண்டுக்கு 30,000 இந்திய மாணவர்களை வரவேற்பது பிரான்சின் இலக்கு என்று அதிபர் மக்ரோன் 2024-ல் அறிவித்தார். கனடாவோ, குடியேற விரும்புவோரில் பிரெஞ்சு அறிந்தவர்களுக்கென 2023 முதல் தனிச் சுற்றுகள் நடத்தத் தொடங்கியது.

எவ்வளவு படிக்க வேண்டும்?

பிரெஞ்சு அரசின் டெல்ஃப் தேர்வு ஏ1, ஏ2, பி1, பி2 என்று நான்கு படிகள் கொண்டது. அந்தச் சான்றிதழ் ஆயுளுக்கும் செல்லும். பி2 படியை எட்டச் சுமார் 600 மணி நேரப் படிப்பு தேவை. ஏ1-உடன் நிறுத்திக்கொண்டால் வணக்கம் சொல்லலாம், வழி கேட்கலாம். வேலை கேட்க முடியாது. கனடா செல்ல நினைப்போர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். எக்ஸ்பிரஸ் என்ட்ரி முறைக்கு டெல்ஃப் செல்லாது. டெஃப் கனடா அல்லது டிசிஎஃப் கனடா தேர்வையே எழுத வேண்டும்.

மொழி கடினமா? சொல்லின் கடைசி மெய்யெழுத்தைப் பெரும்பாலும் உச்சரிக்கமாட்டார்கள். 'பாரிஸ்' அவர்களுக்குப் 'பாரி'. மேசை பெண்பால், புத்தகம் ஆண்பால். இந்தி படித்த பிள்ளைக்கு இது புதிதல்ல. நமக்கு ஒரு வசதியும் உண்டு. ஆங்கிலத்தில் எல்லோருக்கும் ஒரே 'யூ'. பிரெஞ்சில் நெருங்கியவருக்கு 'த்யூ', மரியாதைக்குரியவருக்கு 'வூ'. நீ, நீங்கள் என்று பேசிப் பழகிய நாக்குக்கு இதைச் சொல்லிக்கொடுக்க வேண்டுமா?

தமிழை விட்டல்ல

பல பள்ளிகளில் ஒரு மொழியை எடுத்தால் இன்னொன்றை விட வேண்டியிருக்கும். இங்குதான் பெற்றோர் நிதானிக்க வேண்டும். வாழும் மண்ணின் மொழியான கன்னடம் அன்றாடத் தேவை. தமிழுக்குப் பள்ளியில் இடமில்லை என்றால், வீட்டில் தினம் அரை மணி எழுதப் படிக்கப் பழக்குவது பெற்றோர் பொறுப்பு. பிரெஞ்சை பிறகும் படிக்கலாம். வசந்தநகர் அலியான்ஸ் பிரான்சேஸில் பெரியவர்களுக்கும் வகுப்புகள் உண்டு. சிறு வயதில் தவறிய தாய்மொழி எழுத்தைப் பிறகு தேடிப் பிடிப்பது அரிது.

புதுச்சேரியில் கவர்னர் துய்ப்ளேக்குத் துபாஷியாக இருந்தவர் ஆனந்தரங்கப் பிள்ளை. 'துபாஷி' என்றாலே இரு மொழி அறிந்தவர் என்று பொருள். பிரெஞ்சுக்காரரோடு பழகி உயர்ந்த அவர், 1736 முதல் 1761 வரை நாட்குறிப்பு எழுதிவந்தார். எழுதியது தமிழில். அந்தக் காலத்துப் பிரெஞ்சிந்தியாவை அறிய விரும்புவோர் இன்றும் அந்தத் தமிழ் நாட்குறிப்பைத்தான் நாடுகிறார்கள்.